விகாரைகளின் தோற்றம்: வரலாற்றேடும் குகைச் சாசனமும்

இலங்கையின் பண்டைய பௌத்த விகாரைகள் எவ்வாறு தோன்றின என்ற வினாவிற்கு மகாவம்சம் தரும் விடை தெளிவானது. மிகுந்தலை மலையில் மகிந்த தேரரைச் சந்தித்த தேவநம்பியதீசன் பௌத்தத்தைத் தழுவுகிறான். மகாமேகவனம் எனும் அரச பூங்காவைத் தேரரின் கையில் நீர் வார்த்துச் சங்கத்துக்குக் கொடுக்கிறான். தானே கலப்பை பிடித்து அதன் சீமையைக் கீறுகிறான். மகாவிகாரை தோன்றிவிடுகிறது. அதன் பின்னர் நிகழ்வனவெல்லாம் இதன் விரிவுகளே. ஓர் அரசன் தாதுகோபம் எழுப்புகிறான். மற்றோர் அரசன் அதனைப் பெருப்பிக்கிறான். வேறோர் அரசன் குளமுங் கிராமமும் வழங்குகிறான். விகாரைகளின் வரலாறு அரசர்தம் அறச்செயல்களின் பட்டியலாகவே அங்கு அமைகின்றது.

கி.பி. 5 ஆம் நூற்றாண்டளவில் எழுந்த ஒரு நூல் தன் சமயத்தின் தொடக்கத்தை இவ்வாறு கூறியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, நவீன ஆராய்ச்சி அச்சட்டகத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டமையே. விகாரை அரசனின் படைப்பு. அரசன் ஓர் இராச்சியத்தின் தலைவன். இராச்சியம் ஓர் இனத்துக்குரியது. ஆகவே விகாரையின் இடிபாடு கிடக்கும் மண் அவ்வினத்துக்குரியது என்பதாக ஒரு தருக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறிலிருந்து படிப்படியாக உருவாகியது. அது இன்று நூலகங்களுக்குள் மட்டும் அடங்கியதன்று. 2020 ஜூனில், கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையினராய் வாழும் அம்மாகாணத்துக்கான அச்செயலணியில், தொடக்கத்தில் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இடம்பெறவில்லை. 2021 ஜனவரியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையில் அகழ்வு தொடங்கியது. அங்கு வெளிப்பட்ட எண்பட்டைக் கல்லொன்றினைத் தமிழர் பலர் இலிங்கம் என்றனர், மறுதரப்பினர் தாதுகோபத்தின் உறுப்பு என்றனர். கல் எதுவாயினும், அதனைக் கண்டவுடன் இரு தரப்பினரும் எழுப்பிய வினா ஒன்றே: இது யாருடையது?

இவ்வினாவே பிழையான வினா என்பது இக்கட்டுரையின் கருத்து. விகாரைகளின் தோற்றம்பற்றி நாம் அறிந்துகொள்ளக்கூடிய மிகப் பழைய சான்றுகள், அதாவது அவ்விகாரைகளின் பாறைகளிலேயே பொறிக்கப்பட்ட சாசனங்கள், இவ்வினாவிற்கு விடை தருவனவல்ல. அவை வேறொரு வினாவிற்கு விடை தருகின்றன. யார் கொடுத்தார்கள், எந்த வருவாயிலிருந்து கொடுத்தார்கள், எந்தச் சமூக உறவின் அடிப்படையிற் கொடுத்தார்கள் என்பதே அது.

இலங்கையின் முற்காலப் பிராமிச் சாசனங்களைத் தொகுத்து எஸ். பரணவிதான 1970 இல் வெளியிட்ட முதற்றொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன. கி.மு. 3 ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய கிறித்துவ ஆண்டுத் தொடக்கம் வரையுள்ள காலத்தன இவற்றிற் பெரும்பாலானவை. பிக்குகள் தங்குவதற்காகத் திருத்தியமைக்கப்பட்ட இயற்கைக் குகைகளின் மேல், மழைநீர் உள்ளே வடியாதபடி பாறையின் நெற்றியில் வெட்டப்பட்ட விளிம்பின் கீழே, இவை பொறிக்கப்பட்டுள்ளன. வாசகம் மிகச் சுருக்கமானது: இன்னாரின் குகை, வந்தோரும் வாராதோருமான நாற்றிசைச் சங்கத்துக்கு உரியது. அவ்வளவே. நூற்றுக்கணக்கான இடங்களில் இதே வாய்பாடு திரும்பத் திரும்ப வருவதால், படிப்போர்க்கு அலுப்புத் தட்டுவதுமுண்டு. ஆனால், மாறாத அவ்வாய்பாட்டினுள் மாறுகின்ற ஒரே பகுதி கொடையாளரின் பெயரும் பட்டமும் ஆகும். விகாரையின் தோற்றத்தை ஆராய்வோர் முதலில் நோக்கவேண்டியதும் அப்பகுதியையே.

அங்கே அரசர் உளர். ஆனாற் சிறுபான்மையினராகவே உளர். பருமக என்ற பட்டந் தாங்கிய உள்ளூர்த் தலைவர்களே பட்டம் உடையோருட் பெருந்தொகையினர். கிராமத் தலைவராகிய கமிகர், கஹபதி எனப்படும் செல்வக் குடித்தலைவர், வணிகர், கைவினைஞர், பிராமணர், உபாசகர், உபாசிகையர், பிக்குகள், பிக்குணிகள் ஆகியோரும் வருகின்றனர். பெண்கள் தம் பெயராலேயே குகைகளை ஈந்துள்ளமையும் கவனத்துக்குரியது. மிகுந்தலை, வெஸ்ஸகிரி, ரிட்டிகல, தம்புள்ளை, இராஜகல, சித்துல்பவ்வ என இக்குகைகள் நாடெங்கணும் பரந்து கிடக்கின்றன. அநுராதபுரத்து அரசனொருவனின் ஒரே ஆணையால் இவையாவும் தோன்றியிருத்தல் இயலாது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளச் சாசனங்களில், அரசன் நாகனின் மகளும் அரசன் உதியின் மனைவியுமான அனுராதி என்பாளின் கொடை கூறப்படுகின்றது. அநுராதபுரத்து அரசவரிசைக்குள் இவ்வரசர்களை ஐயமின்றிப் பொருத்துதல் கடினம். இடத்துக்கிடம் வெவ்வேறு தலைமைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் தத்தம் வரம்பினுட் சங்கத்துக்கு இடமளித்தன என்று கொள்வதே பொருத்தமாகும்.

இத்தலைமைகள் எத்தகைய சமூகத்திலிருந்து முளைத்தவை? இதற்கு விடை காணத் தொல்லியலை நாட வேண்டும். தம்புள்ளைக் குகைகளுக்கு அணித்தாக இப்பன்கட்டுவவில் பெருங்கற்பண்பாட்டுக்குரிய ஈமக்காடொன்று உளது. குகைச் சாசனங்கள் செறிந்துள்ள இடங்களுக்கும் பெருங்கற்பண்பாட்டுக் குடியிருப்புக்களுக்கும் இடையிலான நெருக்கத்தைச் சுதர்சன் செனிவிரத்தின முதலான ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இரும்பின் பயன்பாடும் சிறு குளத்துப் பாசனமும் நெற்செய்கையும் பரவிய வட்டாரங்களில், உபரியைத் தம் கையிற் கொண்ட குடும்பங்கள் எழுகின்றன. அவ்வுபரியின் ஒரு பகுதி, முன்னர் இறந்தோரின் ஈமச்சின்னங்களுக்குச் செலவிடப்பட்டது. இப்பொழுது உயிரோடிருக்கும் துறவிகளின் உறைவிடத்துக்குத் திரும்புகிறது. தன் பெயரை ஊரார் காணப் பாறையிற் பொறித்து வைக்கும் வாய்ப்பு ஒரு பருமகனுக்கு இதனால் ஏற்படுகின்றது. சங்கத்துக்கு அவன் கொடுத்தது குகை. சங்கம் அவனுக்குக் கொடுத்தது புண்ணியமும் ஊரளவில் அவனது தலைமைக்குரிய மதிப்பும். பாறையை வெட்டி விளிம்பமைத்தவர் யாரென்பதைச் சாசனங்கள் பெரும்பாலும் கூறுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடல் நன்று. கொடுக்க வல்லாரின் வரலாறே எமக்குக் கிடைத்துள்ளது.

பருமக என்ற சொல்லினைச் சுற்றி எழுந்துள்ள விவாதம், ஆராய்ச்சி எவ்வாறு வழிதவறுகிறது என்பதற்குத் தக்க உதாரணமாகும். இதனைப் பிரமுக என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்திய பரணவிதான, இந்நாட்டிற் குடியேறிய இந்தோ-ஆரியத் தலைவர்களின் வழித்தோன்றல்களே பருமகர் எனக் கருதினார். சாசனங்களைப் பதிப்பித்த வகையில் அவர் ஆற்றிய பணிக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் இம்முடிபு சாசனங்களிலிருந்து பெறப்பட்டதன்று, வரலாற்றேட்டிலிருந்து சாசனத்துள் ஏற்றப்பட்டது. இதற்கு மறுதலையாக, அச்சொல் பெருமகன் என்ற தமிழ்ச் சொல்லின் வடிவமே எனக் கொள்வோருமுளர். மருமகன் என்ற உறவுச்சொல் இச்சாசனங்களில் இடம்பெறுவதும் இக்கருத்துக்கு ஓரளவு வலுவூட்டுகின்றது. சொற்பிறப்பு எவ்வாறாயினும் ஆகுக. ஒரு பட்டத்தின் சொல்மூலம் அப்பட்டத்தைத் தாங்கியோரின் குருதியைக் காட்டுமெனின், இன்று முதலியார் என்றும் மாஸ்டர் என்றும் விதானையார் என்றும் அழைக்கப்படுவோரின் இனமெல்லாம் நாம் புதிதாக வகுக்க வேண்டியிருக்கும்.

மொழிபற்றிய இச்சிக்கலைத் தெளிவிப்பதற்கு அநுராதபுரத்திலேயே ஒரு சாசனம் உளது. அபயகிரிக்கு அண்மையிற் கண்டெடுக்கப்பட்டு 1940 இல் பரணவிதானவால் வெளியிடப்பட்ட அது, தமெதக் கஹபதியர் அதாவது தமிழ்க் குடித்தலைவர் உபயோகித்த மாடமொன்றினைப் பற்றியது. தமெத சமண என்பான் அதனை அமைப்பித்தான். பாறையிற் சமன்செய்யப்பட்ட இருக்கைகளில் அவற்றிற்குரியோரின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன: சக, நசத, திஸ என்றெல்லாம் வரும் இப்பெயர்களோடு, கராவ என்ற நாவிகனின், அதாவது கப்பலோட்டியின், பெயரும் உளது. மொழி பிராகிருதம். எழுத்துப் பிராமி. பெயர்களிற் பெரும்பாலானவை பிராகிருதப் பெயர்கள்.

இதனைத் தமிழர் தொன்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுதல் எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதற்கு மேலான முக்கியத்துவம் இச்சாசனத்துக்கு உண்டு. தமெத என்ற சொல் பொறிக்கப்பட்ட பாறைப்பகுதி மட்டும் சிதைந்து போயிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சமணனையும் திஸனையும் எவ்வித ஐயமுமின்றிச் சிங்களவரின் மூதாதையராகவே ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருப்பர். பெரியபுளியங்குளத்துக் குகையொன்றின் கொடையாளனான தமெத வணிகக் கஹபதி விசாகனுக்கும் இதே கதியே நேர்ந்திருக்கும். விசாகன் என்ற பெயர் அவனது தாய்மொழியைக் கூறவில்லை. வாசகத்தின் பிராகிருதமும் கூறவில்லை. பௌத்தமும் வணிகமும் பரவிய நாடுகளிலெல்லாம் அக்காலத்துப் பிராகிருதம் எழுத்துக்குரிய பொதுமொழியாயிருந்தது. ஆகவே, தமெத என்ற அடைமொழி இல்லாத ஏனைய நூற்றுக்கணக்கான கொடையாளர் வீட்டில் எம்மொழி பேசினர் என்பதைச் சாசனத்தின் மொழியைக் கொண்டு துணிதல் இயலாது. இம்முடிபு இருபுறமும் வெட்டுவது. அவர்களைச் சிங்களவர் என்று முத்திரையிடுவோரை இது மறுக்கின்றது; அவர்களுட் பலரைத் 'தமிழ்ப் பௌத்தர்' என்று உரிமை கொண்டாட முனைவோரையும் மறுக்கின்றது.

இன்னுமொன்று. தமெத என்று ஒருவனை அடையாளங்காட்ட வேண்டியிருந்தமையே, அவன் அச்சூழலில் வேறுபட்டவனாக, பெரும்பாலும் வணிகத்தோடு வந்தவனாகக் கருதப்பட்டான் என்பதை உணர்த்தக்கூடும். இதனைத் தமிழ் ஆய்வாளர் பலர் எளிதிற் கடந்து சென்றுவிடுகின்றனர். எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். தம்மைச் சிங்களவர் என்று கூறிக்கொள்ளும் கொடையாளரை இச்சாசனங்களிற் காண்டல் அரிது. ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979 இல் வெளியிட்ட, சிங்கள அடையாளத்தின் வளர்ச்சிபற்றிய கட்டுரையும், கா. இந்திரபாலா 2005 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டுப் பின்னர் தமிழிலும் தந்த இலங்கைத் தமிழர்பற்றிய நூலும், வெவ்வேறு திசைகளிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஒரே இடத்தை அடைகின்றன: இன்று நாம் அறியும் இரு இனக்குழுக்களும் இத்தீவிலேயே, நீண்ட காலத்திற் படிப்படியாக உருவானவை, கி.மு. 3 ஆம் நூற்றாண்டின் பருமகனை அவ்விரண்டில் ஒன்றனுட் சேர்த்தல் காலமுரண் ஆகும்.

குகையுறைவிடம் என்பது பௌத்தத்துக்கோ இலங்கைக்கோ மட்டும் உரியதன்று. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைகளில், கி.மு. 2 ஆம் நூற்றாண்டளவில், நெடுஞ்செழியனின் அலுவலனும் வெள்ளறை நிகமத்தைச் சேர்ந்த வணிகரும் துறவிகளுக்குக் கற்படுக்கைகள் அமைத்துக் கொடுத்துள்ளனர். எழுத்து அதே பிராமியின் தமிழ் வடிவம். கொடையாளர் அதே தன்மையினர். ஆனாற் கொடை பெற்றோர் சமணர். ஒரே காலத்தில், பாக்குநீரிணையின் இரு கரைகளிலும், ஏறத்தாழ ஒரே வகைச் சமூகப் பிரிவினர் இரு வேறு துறவுச் சமயங்களை ஆதரித்துள்ளனர். இந்த ஒற்றுமையை ஐராவதம் மகாதேவனின் 2003 ஆம் ஆண்டுப் பெருநூல் வெளிவந்த பின்னரும் விகாரைகளின் தோற்றத்தை ஆராய்வோர் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

முற்போக்கு ஆய்வாளரிடையே இத்துறையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர் டி. டி. கோசாம்பி. மேற்குத் தக்கணத்தின் குகை விகாரைகள் வணிகப் பாதைகள் மலைக்கணவாய்களைக் கடக்கும் இடங்களில் அமைந்திருப்பதை அவர் கால்நடையாகச் சென்று கண்டறிந்தார். கார்லேயின் தூண்களில் தேனுகாகடத்து யவனரின் பெயர்கள் உள்ளன. அம்மண்டபத்தை நிறுவியவன் வைஜயந்தி நகரத்துச் செட்டியாகிய பூதபாலன். நாசிக்கில், நகபானனின் மருமகனான உஷவதாதன் கோவர்த்தனத்து நெசவாளர் சங்கங்களில் 3,000 கார்ஷாபணங்களை முதலீடாக வைத்தான். அதில் 2,000 மாதம் நூற்றுக்கு ஒன்றும், 1,000 நூற்றுக்கு முக்காலுமாக ஈட்டிய வட்டி, குகையில் மழைக்காலத்தைக் கழிக்கும் பிக்குகளின் உடைக்கும் பிற தேவைக்கும் சென்றது. விகாரை, வணிகக் குழு, வட்டி என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கோசாம்பி காட்டியமை ஆராய்ச்சியில் ஒரு திருப்பமாகும்.

ஆயினும் அம்மாதிரியை இங்குள்ளோர் அப்படியே பெயர்த்து நடுதல் தகாது. இலங்கையின் குகை விகாரைகளுட் பெரும்பாலானவை கணவாய்களின் ஓரத்தில் இல்லை. உலர்வலயத்தின் குன்றுகளில், சிறு குளங்களையும் வயல்களையும் அடுத்து உள்ளன. வணிகர் கொடையாளராய் வரினும், கமிகரும் பருமகருமே பெரும்பான்மையினர். பணவட்டியிலும் பார்க்க நெல்லே இங்கு அடிப்படையானது. 4 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குரிய தோணிகலச் சாசனம் இதனை நன்கு விளக்கும். தேவயன் என்பான் ஒரு வணிகக் குழுவிடம் வைப்பாகக் கொடுத்தது நாணயம் அன்று. நெல்லும் உழுந்தும் பயறுமே. நெல்லுக்கு 50 வீதமும் உழுந்துக்கும் பயறுக்கும் 25 வீதமும் வட்டி. முதல் குறையாமல் வட்டியை மட்டும் எடுத்து, மழைக்காலத்தில் விகாரையிற் பிக்குகளுக்கு உணவளிக்க வேண்டும். நாசிக்கிற் காசு செய்ததை இங்கே தானியம் செய்தது. கமத்தின் உபரியே இலங்கை விகாரையின் தாய் எனலாம்.

இனி மகாவம்சத்திற்கு மீள்வோம். தொடக்கத்திற் பல கைகளாலும் கொடுக்கப்பட்ட விகாரைகளை அந்நூல் ஏன் அரசனின் கையொன்றுக்கே உரியனவாக்கிற்று? இதற்கு விடை அது எழுந்த காலத்துச் சங்கத்தின் நிலையிலுண்டு. கி.பி. 3 ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆண்ட மகாசேனன் மகாவிகாரைக்கு மாறாக நின்றான். 9 ஆண்டுகள் மகாவிகாரை பிக்குகளின்றிப் பாழ்பட்டுக் கிடந்தது எனவும், மகாவிகாரையின் சீமைக்குள்ளேயே அவன் ஜேதவன விகாரையை எழுப்பினான் எனவும் மகாவம்ச மரபே கூறுகின்றது. சீமையை இழந்த அனுபவம் உடைய ஒரு நிறுவனமே தன் சீமையை முதல் அரசன் கலப்பை பிடித்துக் கீறினான் என்று அத்துணை நுணுக்கமாக, இடத்துக்கு இடம் பெயர் கூறி எழுதிவைக்கும். மகாமேகவன தானத்தைக் கூறும் அப்பகுதிகள், காவிய நடையில் அமைந்த காணி உறுதி என்பதே பொருந்தும். எமது கிராமங்களிற் காணி வழக்காடிய எவர்க்கும், வடக்கெல்லை இன்னது தெற்கெல்லை இன்னது என்று விரியும் அந்நடை அந்நியமாகத் தோன்றாது.

அபயகிரியின் தோற்றம்பற்றிய கதையோ இன்னும் வெளிப்படையானது. மகிந்தர் வருமுன்னரே பாண்டுகாபயன் அநுராதபுரத்தில் நிகண்டருக்கும் ஆசீவகருக்கும் பிராமணருக்கும் இருப்பிடங்கள் அமைத்தான் என்பதை மகாவம்சம் ஒளிக்கவில்லை. அவற்றுள் ஒன்றில் வாழ்ந்த கிரி என்ற நிகண்டர், தமிழ்ப் படையெடுப்பாளருக்குத் தோற்று ஓடிய வட்டகாமணி அபயனை ஏளனஞ் செய்தார். கி.மு. 1 ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய அரசன் அவ்வாசிரமத்தை இடித்து அவ்விடத்தில் விகாரையைக் கட்டினான். தன் பெயரையும் நிகண்டரின் பெயரையும் இணைத்து அபயகிரி என்றான். தனக்குத் துன்பகாலத்தில் உதவிய மகாதிஸ்ஸ தேரர் என்ற தனியொரு பிக்குவிடம் அதனைக் கையளித்தான். குகைச் சாசனங்களின் நாற்றிசைச் சங்கம் இங்கே மறைகின்றது. குறித்த ஒரு பிக்குவும் அவரது மாணவ பரம்பரையும் உரிமை கொள்ளும் விகாரை முளைக்கின்றது. மகாவிகாரையினர் தேரரைச் சங்கத்திலிருந்து விலக்கினர். பிளவு கோட்பாட்டினால் மட்டும் விளைந்ததன்று. உடைமை அதன் மூலங்களில் ஒன்று. மேலும், ஒரு சமயத்தின் இடத்தின் மேல் இன்னொரு சமயம் அமர்வது இந்நாட்டிற் புதிதன்று என்பதையும், அதனைச் செய்தவரின் நூலே பெருமிதத்துடன் கூறியதையும் இன்றைய செயலணிகள் படித்துப் பார்க்கலாம். எனினும் பாகியன் வந்த 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அபயகிரியில் 5,000 பிக்குகளும் மகாவிகாரையில் 3,000 பிக்குகளும் வாழ்ந்ததாக அவர் குறிப்பிடுகிறார். இரண்டாவதாகத் தோன்றியதே பெரிதாகியிருந்தது.

குணவர்த்தனவின் 'காவியும் கலப்பையும்' என்று நாம் தமிழிற் கூறத்தக்க 1979 ஆம் ஆண்டு நூல், இதன் பிந்திய கட்டத்தைத் தெளிவுபடுத்தியுள்ளது. 10 ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் (956 – 972) நிறுவிய மிகுந்தலைப் பலகைச் சாசனங்களை வாசிப்போர், ஒரு துறவு மடத்தின் ஒழுக்க விதிகளை மட்டும் காணார். பெருந்தோட்டமொன்றின் நிருவாகத்தையும் காண்பர். கணக்கர், மேற்பார்வையாளர், சமையலாளர், கைவினைஞர் என்று ஒவ்வொருவருக்கும் உரிய கொடுப்பனவு வகுக்கப்பட்டுள்ளது. அந்நூற்றாண்டின் விகாரையைப் பார்த்து முதல் விகாரையைக் கற்பனை செய்தோமானால், மகாவம்சத்தின் வழியே நாமும் செல்வோம்.

வடபகுதிக்கு வருவோமாயின், கந்தரோடையின் சிறு தாதுகோபங்களே எல்லோர் நினைவிலும் எழுவன. போல் ஈ. பீரிஸ் 1917 இலும் 1919 இலும் எழுதிய கட்டுரைகளிலிருந்து அவைபற்றிய விவாதம் தொடர்கின்றது. பௌத்தச் சின்னங்கள் அவை என்பதை மறுக்க முனைந்த சைவ அன்பர்களின் வாதங்கள் நாவலர்க்குப் பிந்திய யாழ்ப்பாணத்துச் சமயச் சூழலின் விளைவுகள். அவற்றை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் அங்கு நிகழ்த்திய அகழ்வு, பெருங்கற்பண்பாட்டின் கறுப்புச் சிவப்பு மட்கலங்களைக் கொண்ட ஒரு தொன்மையான குடியிருப்பை வெளிப்படுத்தியது. தாதுகோபங்கள் அக்குடியிருப்பின் தொடர்ச்சியிலேயே நோக்கப்பட வேண்டியவை. சிறியனவாய், நெருக்கமாய், ஒரே களத்திற் பல நிற்பதே அவற்றின் சிறப்பியல்பு. மேற்குத் தக்கணத்துப் பாஜாவில் இவ்வாறே 14 சிறு தூபிகள் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றில் மறைந்த தேரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கன்ஹேரியிலும் பிக்குகளுக்கான ஈமத் தூபிகள் உள. கந்தரோடையிலும் இத்தகைய ஈமக்களமொன்று இருந்திருக்கலாம் என்ற கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகின்றது. அவ்வாறாயின், அங்குப் பல தலைமுறையாக வாழ்ந்து மறைந்த ஒரு துறவுச் சமூகமும், அதற்கு அன்றாடம் பிச்சையிட்ட ஊரும் இருந்தன. பிற்காலச் சிங்கள நூலாகிய நம்பொத்த, கதுருகொட என்று அவ்விடத்தைக் குறிப்பிடும்போது, அதனைத் தெமளபட்டணத்துள், அதாவது தமிழ்ப் பட்டணத்துள், வைத்தே கூறுகின்றது. அந்நூலை யாத்தவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தென்படவில்லை.

அம்முரண்பாடு சோழர் காலத்திலும் தென்படவில்லை. திருகோணமலைக்கு அண்மையிற் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரை, சோழர் வருமுன்னரே இருந்தது. அவர்கள் ஆட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கு விளக்கெரிக்கப் பசுக்களும் பிற கொடைகளும் அளித்தோரின் கல்வெட்டுக்கள் தமிழில் உள. அயலிலுள்ள தமிழர் அதனைப் பிற்காலத்தில் நாதனார் கோயில் என்றழைத்தனர். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை வழங்கிய அதே இராஜராஜனின் பெயர் இங்குச் சூட்டப்பட்டதில் அரசியல் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் விளக்குக்குப் பசு கொடுத்தவர் அரசரல்லர். பெரியபுளியங்குளத்து விசாகனுக்கும் இவர்களுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. எழுத்து மாறியது, மொழி பிராகிருதத்திலிருந்து தமிழாயிற்று. தன் பெயரைக் கல்லில் விட்டுச் செல்லும் கொடையாளர் மாறவில்லை.

பொலன்னறுவையில் உள்ள வேளைக்காரர் கல்வெட்டு இவ்வரிசையில் இறுதியாக நோக்கற்பாலது. விஜயபாகுவின் (1055 – 1110) ஆணையாற் சேனாபதி தேவன் எழுப்பிய தந்ததாதுக் கோயில், அபயகிரியின் கிளையாகிய உத்தொருள்மூலையைச் சேர்ந்தது. அரசனின் மறைவுக்குப் பின், முகலன் என்ற மகாதேரர் தென்னிந்தியக் கூலிப்படையினராகிய வேளைக்காரரை அழைத்து அதன் காவலை அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதற்குத் தம் பெயரையே சூட்டி, அதன் ஊர்களையும் உடைமைகளையும் காப்பதாக உறுதிபூண்டனர். சங்கத்துக்கு நிலமிருந்தது, நிலத்துக்குக் காவல் வேண்டியிருந்தது, காவலுக்குரிய வாள் வேளைக்காரர் கையிலிருந்தது. ஆதலால் புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலின் பாதுகாப்புக்கான உடன்படிக்கை தமிழில் எழுதப்பட்டது.